மூன்று நாட்களில் ஐரோப்பா!

தலைப்பைக் கண்டு, புதுவாயலில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஓர் உஸ்தாதுக்கு விமானச் சீட்டு எங்கிருந்து கிடைத்தது என்று வியக்க வேண்டாம். நாங்கள் கடல் கடக்கவில்லை. வாடகை வேன் ஒன்றில் ஏறிக் கடற்கரையோரமாகச் சென்று திரும்பினோம், அவ்வளவே.

எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தார் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றி வந்து படங்களைக் காட்டினார்கள். அன்றிரவு என் மகள், "நாம் எப்போது வாப்பா அங்கெல்லாம் போவது?" என்று கேட்டாள். கல்லூரியில் வரலாறு பயின்றவன் என்ற செருக்கு எனக்குச் சற்று உண்டு. "நாம் போக இயலாவிட்டால் என்ன? ஐரோப்பாதான் நம்மைத் தேடி வந்திருக்கிறதே!" என்றேன். தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், பழவேற்காட்டில் டச்சுக்காரர். மூன்று நாட்கள், மூன்று ஊர்கள் என அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வோர் இடத்துக்கும் இத்தனை மணி நேரம் என்று குறித்தும் வைத்தேன்.

பழவேற்காடு என்றதும் என் தாயாரின் முகம் மலர்ந்தது. அவர் பிறந்த ஊர் அது. பத்து வயதில் அங்கிருந்து வந்தவர். "முதலில் அங்கே போவோமே" என்றார். "அது பொன்னேரிக்கு அப்பால்தானே உம்மா, எப்போது வேண்டுமானாலும் போகலாம். தொலைவில் உள்ளவற்றை முதலில் பார்ப்போம்" என்றேன். இருபது ஆண்டுகளாக அவருக்கு நான் சொல்லி வரும் விடை இதுவே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். மரக்காணத்துக்கு அருகில் டயர் வெடித்தது. மாற்றுச் சக்கரத்தை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை! இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் கழிந்தது. பரங்கிப்பேட்டையில் ஜும்ஆ தொழுதோம். ஊரின் பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார்கள் என்று நான் விளக்கத் தொடங்கியபோது, பிள்ளைகள் பசியால் வாடியிருந்தார்கள்.

தரங்கம்பாடியை அடைந்தபோது மாலை நான்கு மணி. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்து, 1620இல் டென்மார்க்கினர் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நின்றது. கதவு சாத்தியிருந்தது. உள்ளிருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாம். வாசகர்களே, மதரஸாவுக்கும் வெள்ளிதான் விடுமுறை. உலகமெல்லாம் ஞாயிறன்று ஓய்வெடுக்கும், நாம் மட்டுமே வெள்ளியன்று ஓய்வெடுப்போம் என்று எண்ணியிருந்த எனக்கு இது நல்ல பாடம்! 225 ஆண்டுகள் இவ்வூரை வைத்திருந்து, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன கதையைக் கோட்டைச் சுவருக்கு வெளியே நின்றே சொல்லி முடித்தேன். அலைகள் என்னைவிட உரக்கப் பேசின. நெடுநேரம் வேனில் அமர்ந்து வந்ததால் தாயாரின் கால்கள் வீங்கிவிட்டிருந்தன. அதை அவர் சொல்லவில்லை. இரவு விடுதியில் என் மனைவிதான் கண்டாள்.

புதுச்சேரியில் நேர்ந்தது இன்னும் பெரிது. அந்நகரின் நேரான வீதிகளுக்கு 1690களில் சில ஆண்டுகள் அதைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர் திட்டம் வகுத்தனர் என்பர். கோடு கிழித்தாற்போன்ற தெருக்களில் எவரும் வழி தவற முடியாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே எங்கள் இளையவனைக் காணவில்லை. எல்லாத் தெருக்களும் ஒன்றுபோல் இருந்தால் குழந்தைக்கு எந்தத் தெரு எதுவென்று எப்படித் தெரியும்? ஒரு மணி நேரம் அலைந்தோம். என் மனைவி அழவும் இல்லை, என்னைக் கடியவும் இல்லை. அதுவே எனக்கு அச்சமாக இருந்தது. முல்லா வீதியில் ஒரு தேநீர்க் கடைக்காரர் அவனை முக்காலியில் அமர்த்தி, கையில் பன் ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ்! பிரெஞ்சு மாளிகைகளைப் பார்க்கும் ஆசை எவருக்கும் எஞ்சவில்லை. திரும்பும் வழியில் வேனின் ரேடியேட்டர் கொதித்து, நள்ளிரவில் வீடு சேர்ந்தோம்.

ஞாயிறன்று கையிலிருந்த பணமும் தீர்ந்திருந்தது. பொன்னேரியிலிருந்து அரசுப் பேருந்தில்தான் பழவேற்காடு சென்றோம்.

டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்து, 1690 வரை சோழமண்டலக் கரை வணிகத்துக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தனர். கோட்டை இன்று புதர்மேடு. கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் முதன்முறையாக நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். இங்கிருந்து கப்பலேறியவை துணிகள் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான அடிமைகளும்தாம் என்றேன். அந்த மனிதர்களுக்குச் செதுக்கிய கல் ஏதும் அங்கே இல்லை. துணியின் நினைவோ கடல் கடந்தும் வாழ்கிறது: நாம் உடுத்தும் கைலியை மலேசியாவில் 'கைன் பெலிக்காட்' என்பது இவ்வூர்ப் பெயரால்தான்.

ஏரியில் படகேறிப் பூநாரைகளைப் பார்ப்பது அட்டவணையின் கடைசி வரி. காற்று மிகுதி என்று படகுக்காரர் மறுத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் தாயாரைக் காணவில்லை.

இம்முறை ஒரு மணி நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் வேறு வீடு எழும்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி சாயமேற்றிய பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பலரின் கைத்தொழில் அது. தாயாரும் ஓலையைக் கையில் எடுத்திருந்தார். விரல் மூட்டுகளில் வலி என்று வீட்டில் தேநீர்க் குவளையைக்கூட இரு கைகளாலும் பற்றுகிறவர், ஓலையை மடித்து, செருகி, இழுத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இது தெரியுமா வாப்பும்மா?" என்று மகள் அருகில் அமர்ந்தாள். "எங்க உம்மா கற்றுத் தந்தது. மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்" என்றார். நாற்பத்தைந்து வயதான எனக்கும் அது புதிய செய்தி.

அஸர் தொழுதுவிட்டு வந்தபோதும் இருவரும் எழவில்லை. பெட்டி முடிந்திருந்தது, மூடி பாதியில் இருந்தது. பொன்னேரிப் பேருந்து ஒலியெழுப்பியது.

அப்பெட்டி இப்போது எங்கள் அலமாரியில் மூடியின்றி இருக்கிறது. சுவரில் நான் ஒட்டிய அட்டவணையின் அடியில் மகள் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'நான்காம் நாள் – பழவேற்காடு, மூடி.' எத்தனை மணி நேரம் என்று அவள் குறிக்கவில்லை.