அடுக்களையை இடித்துப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். "அடுக்களையை இடித்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அது அவர்கள் குற்றமல்ல. அந்தக் காலத்தில் அடுக்களையை யாரும் இடிக்கவில்லை. புகை படிந்தால் வெள்ளை அடித்தார்கள். மறுபடி புகை படிந்தது. மறுபடி வெள்ளை அடித்தார்கள். விஷயம் அதோடு தீர்ந்தது.

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, சகோதரிகளே!

எங்கள் வீடு நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் போகும் வழியில் இருக்கிறது. மாமனார் காலத்து ஓட்டு வீடு. அடுக்களை 14 அடி நீளம், 9 அடி அகலம். ஒரு மூலையில் அம்மி; அதன் பக்கத்தில், வேலையே செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஆட்டுரல்; சுவரில் பதித்த பலகைத் தட்டுகளில் ஊறுகாய்ப் பரணிகள், புளிப்பானை, நல்லமிளகுப் பெட்டி, உப்பு மரவை. தலைக்கு மேல் பரண். அந்தப் பரணில் என்னென்ன இருக்கிறது என்பது என் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மட்டுமே தெரிந்த ராஜாங்க ரகசியம்.

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகள், ஊறுகாய் எடுக்கப் போய்த் தலையில் ஒட்டடையோடு திரும்பினாள். "அம்மா, இந்த அடுக்களையை மியூசியத்துக்குக் கொடுத்துவிடு. நல்ல மாடுலர் கிச்சனாகப் போட்டுக்கொள். பணம் நான் தருகிறேன். ஒரே நிபந்தனை, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத அலமாரியாக இருக்க வேண்டும்" என்றாள்.

"பணம் வருகிறதென்றால் சுற்றுச்சூழலுக்கு நான் ஏன் கேடு நினைக்கப் போகிறேன்?" என்றார் என் கணவர்.

அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிச் செய்யுங்க மக்களே" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரமே ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பெயர் வேண்டாம். லாப்டாப்பைத் திறந்து படம் படமாகக் காட்டினார். பிரமாதமான அடுக்களைகள்! எதிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஓர் இணுக்குக் கறிவேப்பிலை இல்லை, சமைக்கிறவளும் இல்லை. "நூறு சதவீதம் ஈகோ ஃப்ரெண்ட்லி, மேடம்!" என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு சின்ன அலமாரியையும் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அதைத் திறந்தேன். வெங்காயம் நறுக்காமலே கண்ணில் நீர் வந்தது! உள்ளே வைத்த அரிசியிலும் அதே வாடை. போதாக்குறைக்கு, மழைத் தண்ணீர் தரையில் கசிந்து, அடிப்பலகை ஊறப் போட்ட கடலையைப் போல உப்பிவிட்டது.

அந்தக் கண்ணீருக்குக் காரணம் என்னவென்று விசாரிக்கத் தொடங்கினேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது இந்த வம்பில் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா?

கடையில் பளபளவென்று நிற்கும் அலமாரியின் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் முழு மரம் இராது. மரத்தூளையும் சிம்புகளையும் பசைவிட்டு அழுத்திய பலகை ஒரு வகை. மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் இன்னொரு வகை. சங்கடமெல்லாம் அந்தப் பசையில் இருக்கிறது. மலிவான பசையில் யூரியாவோடு ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் சேர்கிறது. அது பலகையிலிருந்து மெள்ள மெள்ள ஆவியாக வெளிவரும். சூடும் ஈரமும் கூடினால் இன்னும் அதிகமாக வரும். அடுக்களையில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்த ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 2004-ம் ஆண்டு சேர்த்துவிட்டது. அதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். பிளைவுட்தான் வேண்டுமென்றால், கொதிநீரையும் தாங்கும் பசை கொண்ட ஐ.எஸ். 710 முத்திரையைக் கேளுங்கள். ஈ-0, ஈ-1 என்ற குறைந்த வாடைத் தரம் உண்டா என்றும் கேளுங்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சரி, முழு மரத்துக்கே போவோமென்றால், காட்டு மரத்தை வெட்டிவிட்டுச் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்தேன் என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பதில் வளர்கிறது. தமிழ்நாட்டில் ரப்பர் மிகுதியாக விளைவது கன்னியாகுமரி மாவட்டத்தில்தான். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர்த் தோட்டங்கள். அந்த மரம் 25, 30 வருஷம் பால் கொடுக்கும். பிறகு எப்படியும் வெட்டிவிட்டு இளங்கன்று நடுவார்கள். ஒரு காலத்தில் அந்த மரம் விறகுக்கும் சாமான் பெட்டிக்கும்தான் போயிற்று. ரப்பர் மரத்தில் இனிப்புச் சத்து அதிகம். பூஞ்சணமும் வண்டும் விருந்துக்கு வந்துவிடும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காயவைத்தால் அந்தத் தொல்லை அடங்கும். ஆகவே ரப்பர்ப் பலகை வாங்குகிறவர்கள் "மருந்து ஏற்றியதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு ஞானத்தையும் சம்பாதித்துக்கொண்டு, அளவு எடுப்பதற்காக ஒரு நாள் தட்டுகளிலிருந்த சாமான்களை நானே இடம் மாற்றி வைத்தேன். அன்று இரவுதான் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது.

எட்டு மணி இருக்கும். கரண்ட் போய்விட்டது. அத்தை அடுப்பருகில் இருந்தார்கள். தீயல் கொதிக்கிற வாசனை வந்தது. நான் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்தது. அடுக்களைக்குள் நுழைந்தேன். அத்தை சுவர்த்தட்டில் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்கள். உப்பு மரவை வழக்கமாக இருக்கும் இடம் அது. மரவையை நான் ஒரு முழம் தள்ளி வைத்திருந்தேன். தலைக்கு மேல் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. மரவை பக்கத்திலேயே இருக்கிறது. அத்தையின் கை மட்டும் வெறும் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தது.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணில் நீர் அழுத்தம் என்றார் டாக்டர். ஓரப் பார்வை முதலில் போகுமாம், போனது திரும்பாதாம், மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாமாம். திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன்: "எத்தனை நாளாகத் தெரியும் அத்தே?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா, 'நீங்க போய் உக்காருங்க'ன்னு சொல்லி அடுக்களைக்கு வெளியில இருத்திப் போடுவீங்க. பொறவு நான் எங்க போக மக்களே?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அப்படித்தான் செய்திருப்பேன். அதுவும் அன்பு என்று நினைத்துக்கொண்டே செய்திருப்பேன்.

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் தென்னையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. மாலை மங்கினால் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் இடித்துக்கொண்டு நின்றோம். அத்தை மட்டும் இருட்டில் பரணி பரணியாகத் தொட்டு எடுத்து எங்கள் எல்லோருக்கும் சுடச்சுடக் கஞ்சியும் துவையலும் செய்து போட்டார்கள். அந்த அடுக்களையின் வரைபடம் முழுவதும் அவர்கள் விரல் நுனியில் இருந்தது. அதைத்தான் நான் "பிளான்" போட்டு இடிக்கப் புறப்பட்டிருந்தேன்!

கம்பெனிக்காரரின் மாதிரி அலமாரி அன்றே வண்டி ஏறிற்று. எங்கள் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் டேப்பை எடுத்தார். "முதலில் சுவரை அளக்க வேண்டாம், ஆச்சியை அளவெடுங்கள்" என்றேன். மனிதர் ஒரு கணம் விழித்தார்; பிறகு புரிந்துகொண்டார். "ஆச்சி, கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்று பணிவாகச் சொல்லி, தோள் உயரம், கை எட்டும் தூரம், குனிந்தால் வலிக்காத ஆழம் எல்லாம் சுவரில் கரியால் குறித்துக்கொண்டார்.

மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி என்று சொல்லத்தக்க ஓர் அடுக்களையை 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் வரைந்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். எத்தனை அடி நடந்தால் எந்தச் சாமான் கைக்கு வரும் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. மாவு வைக்கும் இழுப்பறையை, புழு அண்டாமல் இருக்க ஓக் மரத்தில் செய்யச் சொன்னாராம். அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மையார் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டதுதான் வேடிக்கை. எங்கள் அடுக்களையை வரைந்தவரோ அறுபது வருஷம் சமைத்தவர்!

"மரம்?" என்று கேட்டார் ஆசாரி. ரப்பர்ப் பலகை என்று நான் வாயெடுப்பதற்குள் அத்தை, "பரணில கிடக்குல்லா?" என்றார்கள்.

ராஜாங்க ரகசியம் அப்போதுதான் வெளிவந்தது. ஒக்கியில் எங்கள் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. மாமனார் நட்ட மரம். அதை மில்லில் அறுத்து, பலகைக்குப் பலகை காற்றுப் போகச் சிம்பு வைத்து அடுக்கச் சொல்லியிருந்தார்கள் அத்தை. நாங்கள் மறந்தே போனோம். பச்சை மரம் ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது ஆசாரிமார் கணக்கு. எங்கள் பலகைகள் அதற்கு மேலேயே காய்ந்து, மஞ்சள் நிறம் மாறிச் செம்பழுப்பாகிக் கிடந்தன. ஆசாரி விரலால் தட்டிப் பார்த்து, "கொள்ளாம்!" என்றார். திருவனந்தபுரத்தில் பல காலம் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர், இடிக்கும் வீடுகளின் பழைய கதவு ஜன்னல்களைத் தேடி வாங்கிப் புது வீடுகளில் வைத்தார். அந்த யோசனையின் அருமை எனக்கு அன்று விளங்கிற்று. புதிதாக ஒரு மரத்தையும் வெட்டாத அலமாரியை விடச் சுற்றுச்சூழலுக்கு இசைந்தது வேறு எது?

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலகை எல்லாவற்றுக்கும் போதவில்லை. ஆகவே கீழ்த்தட்டுகளுக்குக் கடப்பைக் கல். உள்தடுப்புகளுக்கு மருந்து ஏற்றிய ரப்பர்ப் பலகை. கண்ணுக்கும் கைக்கும் படுகிற இடத்தில் பலா. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் வாங்குகிற மாவட்டம் எங்களுடையது. அடைத்த அலமாரி பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கதவுகளில் அழி வைத்தோம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மர அழிகளின் வழியே காற்று எப்படி வருகிறதென்று. அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, கல் காலின் மேல் நிறுத்தினோம். கரையான் ஏறினால் உடனே தெரியும். சட்டத்தின் பின்புறத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசினோம். அது தோலைப் பொத்துவிடும். சாமான் படுகிற இடத்தில் பூசக் கூடாது. முன்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய். பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைக்க வேண்டும். இதை மறக்காதீர்கள்.

தோளுக்கு மேல் அலமாரியே இல்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவும் இல்லை. திறந்து கிடக்கும் கதவு பார்வை மங்கியவர்களின் நெற்றியைப் பதம் பார்த்துவிடும். எல்லாம் தள்ளு கதவும் இழுப்பறையும்தான். ஒவ்வொன்றின் பிடியையும் ஆசாரி ஒவ்வொரு மாதிரி செதுக்கினார். உருண்டை என்றால் பருப்பு. நீளம் என்றால் மிளகாய். பள்ளம் என்றால் புளி. இது நான் சொல்லித் தந்ததல்ல, அவருக்கே தோன்றியது. கூலி கொடுக்கும்போது அதற்கென்று தனியாக ஒன்றும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பால் காய்ச்சுகிற அன்று அத்தை உள்ளே போய், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் கையால் தடவிக்கொண்டே நடந்தார்கள். பலாப் பலகையில் கை சற்று நேரம் நின்றது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். மகள் பெங்களூரிலிருந்து போனில் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு அத்தே?" என்று கேட்டேன்.

"கொள்ளாம். ஆனா உப்பு மரவை ரெண்டு விரல் தள்ளி இருக்கு."

ஆசாரி நாளைக்கு வருகிறார்.