ரைன் நதிப் பொன்

பழைய ஜெர்மானிய ராஜ்யங்களின் நாணயங்களிலே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது, பலாடினேட் நாட்டை ஆண்ட கார்ல் தியோடோர் 1763-இல் வெளியிட்ட ரைன் டுகாட் என்னும் பொற்காசுதான். ஒரு புறம் கோமகனின் முகம். மறு புறம் ரைன் நதியும் அதன் கரையிலே மான்ஹைம் நகரமும். நதிக்கரைகள் இவ்வண்ணம் ஒளிர்கின்றன என்னும் பொருள்பட லத்தீனிலே ஒரு வாசகம். ஏறக்குறைய மூன்றரை கிராம் எடையுள்ள அச்சிறு வட்டத்துக்குள் ஒரு நகரத்தையே அடக்கிவிட்ட சிற்பியின் கைத்திறனை என்னென்பது!

ஆயினும், கோமகனைக் காட்டிலும் அக்காசுக்கு உரியவர்கள், அதற்கான பொன்னை ரைன் நதி மணலிலிருந்து அரித்தெடுத்தோரே என்பது என் அபிப்பிராயம். வெள்ளம் கொணர்ந்த சரளை மணலை, முரட்டுத் துணி விரித்த சாய்பலகையின்மீது வாரிக் கொட்டி, நீர் வார்த்துக் கழுவி, துணியின் இழைகளிலே தங்கிய கருமணலோடு பாதரசத்தைக் கலந்து பிசைந்து, தோலிலே இட்டுப் பிழிந்து, தீயிலே காய்ச்சி, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் துகள்களைக் குன்றிமணியளவு பொன்னாகத் திரட்டிய அந்த உழைப்பாளிகள், அதனையும் தம் இஷ்டப்படி விற்கும் சுதந்திரமின்றி, அரசாங்கம் விதித்த விலைக்கே ஒப்படைக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். காசிலே அவர்களுக்கு ஒரு கோடேனும் இல்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

1817-இல் டுல்லா என்னும் பொறியியல் நிபுணரின் திட்டப்படி நதியின் வளைவுகளை நேராக்கத் தொடங்கினார்கள். கரையோரக் கிராமங்களை வெள்ளத்தினின்று காத்த அம்முயற்சியைக் குறைகூற மனம் வரவில்லை. ஆனால் நீரோட்டம் விரைந்து, பொன் படியும் மணல்திட்டுகள் அருகவே, அத்தொழிலும் அந்நூற்றாண்டுக்குள்ளாகவே பெரும்பாலும் நசித்துப் போயிற்று.