கந்தைப் பந்து

மொசாம்பிக் நாட்டின் தலைநகரான மபூட்டோவிற்குப் போர்ச்சுகீசியர் ஆண்ட காலத்தில் லோரன்சு மார்க்கெசு என்று பெயர். அந்நகரின் விளிம்பில், தகரக் கூரைகளும் மணல் தெருக்களுமாக மஃபலாலா என்னும் ஏழை மக்களின் குடியிருப்பு இருந்தது. 1942ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் பிறந்த யுசேபியோ வளர்ந்தது அங்கேதான். இருப்புப்பாதைத் தொழிலாளியான தந்தை, மகனுக்கு எட்டு வயதாகும்போது இரணசன்னி கண்டு இறந்தார். குடும்பத்தின் சுமை தாயின் தோளுக்கு மாறியது.

பந்து வாங்கப் பணம் ஏது? பழைய காலுறைக்குள் செய்தித்தாளைத் திணித்துச் சுருட்டிக் கட்டினால் அதுவே பந்து. அது துள்ளாது, நேராக உருளவும் செய்யாது. வெறுங்காலால் அதை அடக்கி ஆளப் பழகியவனுக்குத் தோல்பந்து வேலைக்காரனைப்போல் பணிந்துவிடும். வறுமையே அவருக்கு ஆசான் என்று கூறிவிடுவது எளிது. ஆனால், அதே தெருவில் அதே கந்தைப் பந்தை உதைத்த சிறுவர்களுள் பெரும்பாலோருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. வறுமை எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தது, எத்தனை பேரை விழுங்கியது என்ற கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

லிஸ்பன் நகரின் பென்ஃபிகா அணிக்கு அப்போது பேலா குட்மன் பயிற்சியாளர். முடிதிருத்தகம் ஒன்றில் பழைய நண்பர் ஒருவர் இவ்விளைஞரைப் பற்றிச் சொல்லக் கேட்டு, அவர் ஆள் அனுப்பினார் என்பார்கள். யுசேபியோ ஆடிக்கொண்டிருந்ததோ, பென்ஃபிகாவின் போட்டி அணியான ஸ்போர்ட்டிங்கின் கிளையில்! 1960 டிசம்பரில் லிஸ்பன் வந்திறங்கியவரை எதிரணியினர் தூக்கிச் சென்றுவிடுவார்களோ என்று அஞ்சிய பென்ஃபிகா, தென்கடற்கரை விடுதி ஒன்றில் சில நாள்கள் மறைத்து வைத்தது. தந்திகளில் அவருக்கு ரூத் என்று ஒரு பெண்ணின் பெயர் சூட்டப்பட்டது. பதினெட்டு வயது இளைஞரைப் பெரியவர்கள் புதையலைப்போல் ஒளித்து விளையாடிய இக்கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். அவரிடம் ஒரு சொல் கேட்டார்களா என்று எண்ணினால் அச்சிரிப்பு அடங்கிவிடும்.

வழக்கு தீர்ந்து, 1961 மே மாதம் களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். ரியல் மாட்ரிட்டின் புஸ்காஸ் இடைவேளைக்குள் மூன்று கோல்கள் அடித்திருந்தார். ஆயினும் பென்ஃபிகா 5-3 என வென்றது. கடைசி இரண்டு கோல்களும் யுசேபியோவுடையவை.

அவருடைய ஆட்டத்தை ஒரே நாளில் கண்டுவிட வேண்டுமானால், 1966 சூலை 23ஆம் நாளைத்தான் காட்ட வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கோப்பைக் காலிறுதி. இத்தாலியை வீழ்த்திவிட்டு வந்த வட கொரியா, இருபத்தைந்தே நிமிடங்களில் போர்ச்சுகல்லுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்துவிட்டது. அரங்கம் திகைத்தது. இருபத்தேழாம் நிமிடத்தில் யுசேபியோ ஒரு கோல் அடித்தார். கொண்டாட நிற்கவில்லை; வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினார். காலம் வீணாகக்கூடாது என்பது ஒன்றே அவர் கவலை. இடைவேளைக்கு முன் பெனால்டியில் இரண்டாவது, பின்பு மூன்றாவது. அதன் பிறகு இடப்பக்கமாகப் பந்துடன் பாய்ந்தவரைக் கோல் எல்லைக்குள் இடறி வீழ்த்தினர். வலியோடு எழுந்தவர், அந்தப் பெனால்டியையும் தாமே உதைத்து நான்காவது கோலாக்கினார். தோழர் ஒருவர் ஐந்தாவதை அடித்தார். அத்தொடரில் அவர் அடித்த கோல்கள் மொத்தம் ஒன்பது. வேறு எவரும் அத்தனை அடிக்கவில்லை. எனினும் அரையிறுதியில் இங்கிலாந்திடம் போர்ச்சுகல் தோற்றது. மேலாடையை முகத்தில் வைத்து அழுதபடி அவர் வெம்ப்ளி அரங்கைவிட்டு வெளியேறினார்.

இத்தாலியக் குழுக்கள் பெரும்பணம் தர முன்வந்தும், ஆட்சியாளர் சலாசார் தம்மை நாட்டைவிட்டுப் போக விடவில்லை என்று பின்னாளில் அவர் கூறினார். குடியேற்ற நாட்டில் பிறந்த கறுப்பின இளைஞரைப் பேரரசின் பெருமையென உலகுக்குக் காட்டிய அதே அரசு, அவர் பிறந்த மண்ணின் விடுதலையைப் படைகொண்டு அடக்கிக்கொண்டிருந்தது. அந்த முரண்பாட்டைச் சுமந்துகொண்டே அவர் ஓடினார்.

1968 மே 29. மீண்டும் வெம்ப்ளி. ஐரோப்பியக் கோப்பை இறுதியில் எதிரே மான்செஸ்டர் யுனைடெட். ஆட்டம் 1-1 என்றிருக்க, முடியச் சில நிமிடங்களே இருந்தன. யுசேபியோ பந்துடன் தனியே கோலை நெருங்கினார். முன்னே கோல்காப்பாளர் அலெக்ஸ் ஸ்டெப்னி மட்டுமே. ஓரமாகத் தட்டிவிட்டிருந்தால் கோப்பை அவருடையது. அவரோ தம் முழு வலிமையையும் திரட்டி உதைத்தார். பந்து நேரே ஸ்டெப்னியின் மார்புக்குச் சென்றது. அவர் இறுகப் பற்றிக்கொண்டார். வேறொருவராயின் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். யுசேபியோ அங்கேயே நின்று ஸ்டெப்னிக்குக் கைதட்டினார். கூடுதல் நேரத்தில் மூன்று கோல்கள் வாங்கி அவருடைய அணி தோற்றது. அந்த உதை தவறான முடிவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அத்தவற்றின் நடுவிலும் எதிரியின் திறமை அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்பதுதான் வியப்பு.

அதற்கெல்லாம் விலை கொடுத்தது அவருடைய கால் மூட்டு. முன்களத்தில் ஆடுபவரைத் தடுக்கப் பின்களத்தார் உதைப்பது பந்தை மட்டுமன்று. இடது மூட்டில் மட்டும் ஆறு முறை கத்தி வைத்தார்கள். வலியோடே பென்ஃபிகாவுக்கு ஆடி, 440 ஆட்டங்களில் 473 கோல்கள் அடித்தார். 1975இல் அக்குழுவைவிட்டு நீங்கினார். மொசாம்பிக் விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான். பிழைப்புக்காக அமெரிக்காவின் பாஸ்டன், கனடாவின் டொரண்டோ என்று ஊர் ஊராக ஆடினார். 2014 சனவரி 5இல் அவர் மறைந்தபோது, அவருடைய பேழையைப் பென்ஃபிகா அரங்கைச் சுற்றிக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டு அவருடல் லிஸ்பனின் தேசிய நினைவாலயத்துக்கு மாற்றப்பட்டது.

அமெரிக்கப் பயணங்களுக்கு இடையே, 1976-77 பருவத்தில் பெய்ரா-மார் என்னும் சிறிய போர்ச்சுகீசிய அணிக்கு அவர் ஆடினார். பென்ஃபிகாவோடு மோத வேண்டிய நாள் வந்தது. கோலை நோக்கி உதைக்கமாட்டேன் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். ஊதியம் தரும் அணிக்கு இது நேர்மையா என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ஆட்டத்தின்போது, அவர் கால் தேர்ந்த இடத்திலேயே பெய்ரா-மாருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. தோழர்கள் அவரைப் பார்த்தனர். யுசேபியோ பந்தின் அருகே வரவில்லை. வேறொருவர் உதைத்தார்.