கோட்டு மேல உட்கார்ந்த புள்ளி

மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வயலின் கத்துக்கறேன். மேற்கத்திய வயலின். (சீன் போடத்தான் ஆரம்பிச்சேன், இப்ப விட முடியல.) மாஸ்டருக்கு வயசு 72. ஒரு காலத்துல சினிமா ரெக்கார்டிங்ல நிறைய வாசிச்சவர். தாளைப் பார்த்த மாத்திரத்துல வாசிக்கறதுதான் அவருக்குச் சோறு போட்ட தொழில். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் போற சர்ச்சில் கேரல் நிகழ்ச்சி. கையால எழுதின நோட்ஸை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எல்லாம் வெளிறிப் போயிருந்துச்சு. "நீதான் பொட்டி தட்டறவனாச்சே, புதுசா அடிச்சுக் குடு"ன்னு என் தலையில கட்டிட்டார். ஓசியில கிடைக்கிற இசைக்குறிப்பு மென்பொருள்ல உட்கார்ந்து ராத்திரி ராத்திரியா அடிச்சேன்.

இங்க புள்ளியைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். ஸ்வரத்தோட முட்டைத் தலைக்கு வலது பக்கம் புள்ளி வச்சா அது ஒன்றரை மடங்கு நீளும். அதே புள்ளியைத் தலைக்கு மேலயோ கீழயோ வச்சா ஸ்டக்காட்டோ, வெட்டி வாசிக்கணும். ஒரே புள்ளி, நேரெதிர் வேலை! பொதுவா குச்சி மேல போனா புள்ளி கீழ, குச்சி கீழ போனா புள்ளி மேல. நாலு ஸ்வரத்தை ஒரு வளைகோட்டால கட்டினா ஒரே வில்லுல வழுக்கிட்டுப் போகணும். அந்த வளைவுக்குள்ள புள்ளிகளும் இருந்தா, அதே ஒரே வில்லுதான், ஆனா ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்தி. ஆக, புள்ளி காணாமப் போனா அர்த்தமே தலைகீழ்.

அடிச்சு முடிச்சுப் பார்த்தா எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. சில புள்ளிகள் தலைக்குக் கிட்ட இருந்தது, சில கொஞ்சம் தள்ளி. நமக்குத்தான் இந்த மாதிரி கோணல்மாணலைப் பார்த்தா கை அரிக்குமே. அலைன்மென்ட் பக் போலன்னு முடிவு பண்ணி, எல்லாப் புள்ளியையும் மொத்தமா செலக்ட் பண்ணி, ஒரே தூரத்துக்குக் கொண்டு வந்துட்டேன். வரிசையா, ராணுவ அணிவகுப்பு மாதிரி. அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்.

ஒத்திகையில முதல் வயலின்காரங்க அழகா வெட்டி வெட்டி வாசிக்கிறாங்க. மாஸ்டர் ரெண்டாவது வயலின். அவர் மட்டும் எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்கிட்டுப் போறார். கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லைங்க) கையைத் தட்டி நிறுத்தினார். "சார், அங்க ஸ்டக்காட்டோ." மாஸ்டர் தாளை மூக்கு வரைக்கும் கொண்டு போய்ப் பார்த்தார். எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். "சாரி"ன்னு மட்டும் சொன்னார். வெளிய வந்து பெட்டியை மூடும்போது என்கிட்ட, "தம்பி, அடுத்த வருஷம் என்னை எழுதிக்காத. கண்ணு போயிடுச்சுப்பா"ன்னார். நாலு வருஷம் முன்னாடிதான் கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர்.

எனக்கு அப்பவும் உறைக்கலை. பாவம், வயசாயிடுச்சுன்னுதான் நினைச்சேன். இதைத்தான் என்னால இன்னும் மன்னிக்க முடியல.

ரெண்டு நாள் கழிச்சு வீட்டுல அந்தப் பக்கத்தை எடுத்தேன். அவர் வாசிச்ச இடம் ஜி, பி, ஜி, பின்னு மாறி மாறி வரும். ரெண்டுமே கோட்டு மேல உட்கார்ற ஸ்வரம். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிற ஸ்வரத்துக்கு, ஒரு இடைவெளி தூரம் தள்ளினா புள்ளி அடுத்த இடைவெளியில சரியா விழும். கோட்டு மேல இருக்கிறதுக்கு அதே தூரம் வச்சா நேரா அடுத்த கோட்டு மேலயே போய் உட்காரும். கறுப்புக் கோட்டுல கறுப்புப் புள்ளி! அதனாலதான் மென்பொருள் அதுக்கு மட்டும் ஒன்றரை இடைவெளி தள்ளி வச்சிருக்கு. நான் பக்குன்னு நினைச்சதுதான் விதி. முதல் வயலின் ஸ்வரங்கள் அஞ்சு கோட்டுக்கும் மேல, காலி இடத்துல இருந்ததால அவங்க புள்ளிகள் தப்பிச்சிடுச்சு. என் தாளில் அஞ்சு கோட்டோட மொத்த உயரம் 7 மில்லிமீட்டர். பாதி இடைவெளின்னா ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது. அந்தத் துக்கடா தூரம்தான் ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பப் பார்த்துச்சு.

எலைன் கூல்ட் 2011ல எழுதின 'பிஹைண்ட் பார்ஸ்'ல இந்த மாதிரி விதிகள் அறுநூத்துச் சொச்சம் பக்கத்துக்கு இருக்கு. கணினி வர்றதுக்கு முன்னாடி உலோகத் தகட்டுல கண்ணாடி பிம்பமா, தலைகீழா, ஒவ்வொரு குறியா அடிச்சவங்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். எங்கம்மாவுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படல. தாளை எட்டிப் பார்த்துட்டு, "சிக்குக் கோலத்துல கோடு புள்ளியைச் சுத்திப் போகுமே ஒழிய அது மேல ஏறுமா?"ன்னுட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான் மேட்டர்.

புதுத் தாளை எடுத்துக்கிட்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "மாஸ்டர், உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. தப்பு என்னுது"ன்னு ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேஜையில போட்டார். கண்ணாடிக்கடை ரசீது. முதல் நாள்தான் புதுசா ஆர்டர் குடுத்திருக்கார்.

"காசை நான் தந்துடறேன் மாஸ்டர்."

"உன் காசு யாருக்குடா வேணும்? வயோலா பார்ட்டைப் பார்த்தியா?"

பார்க்கலை. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் வயோலாதான்.