‘என்னைப் பார்த்து ஆடு’ என்று சொல்ல முடியாதபோது...

நடனம் சொல்லித் தருபவர்கள் முதல் நாளே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘என்னைப் பாரு, அப்படியே செய்.’ பரதமோ வால்ட்ஸோ, எதுவானாலும் பாடம் கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

2024-ல் பிரிட்டனில் ஒரு நடனக் கலைஞரால் அந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியவில்லை. அவர் பெயர் டயான் பஸ்வெல். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் 47 வயது ஸ்டாண்டப் காமெடியன் கிறிஸ் மெக்காஸ்லாண்ட். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரைக் கண் நோயால் இருபதுகளின் தொடக்கத்திலேயே பார்வையை இழந்தவர். ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ நிகழ்ச்சிக்கு வந்த, பார்வையில்லாத முதல் போட்டியாளர்.

பிபிசி 2004-ல் தொடங்கிய நிகழ்ச்சி இது. நடிகர், விளையாட்டு வீரர், பாடகர், செய்தி வாசிப்பவர் எனத் தெரிந்த முகங்களை அழைத்து, ஒவ்வொருவரையும் ஒரு தொழில்முறை நடனக் கலைஞருடன் ஜோடி சேர்ப்பார்கள். வாரம் ஒரு நடனம். நான்கு நடுவர்கள், ஆளுக்குப் பத்து மதிப்பெண். நடுவர்களின் மார்க்கும் ரசிகர்களின் ஓட்டும் சேர்ந்து, யார் வெளியேறும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்யும். ஜெயித்தால் பணமெல்லாம் கிடையாது. கண்ணாடித் துண்டுகள் மின்னும் பந்து வடிவக் கோப்பை மட்டும்தான். அமெரிக்காவின் ‘டான்சிங் வித் த ஸ்டார்ஸ்’, இந்தியில் வந்த ‘ஜலக் திக்லா ஜா’ எல்லாம் இதன் பிள்ளைகள்தான்.

இவ்வளவு நாடுகளில் இது ஓடுவதற்குக் காரணம், அங்கே அற்புதமாக ஆடுகிறார்கள் என்பதல்ல. அற்புதமாக ஆடுபவர்களைப் பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன. தங்கள் துறையில் பெயர் வாங்கிய ஒருவர், தெரியாத ஒன்றின் முன்னால் எல்.கே.ஜி குழந்தைபோல நிற்பதைப் பார்க்கத்தான் மக்கள் உட்கார்கிறார்கள். முதல் வாரம் தடுமாறும் கால், பத்தாவது வாரம் வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பயணம்தான் நிகழ்ச்சி.

கிறிஸ்ஸின் பயணம் இன்னும் பின்னாலிருந்து தொடங்கியது. அவர் இந்த நிகழ்ச்சியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சல்சா என்றால் எப்படி இருக்கும், டாங்கோவில் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்ற படம் அவர் மனதில் கிடையாது. பயிற்சி அறையின் கண்ணாடியாலும் அவருக்குப் பயனில்லை.

இதில் உள்ள கஷ்டம் புரிய வேண்டுமென்றால், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பார்க்கலாம். உடல் ஆடும். சமநிலைக்குக் கண் எவ்வளவு உதவுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பால்ரூம் நடனத்தில் வழக்கமாக ஆண்தான் துணையை நடத்திச் செல்ல வேண்டும். தளத்தின் ஓரம் எங்கே, சுழன்று நிற்கும்போது நடுவர்கள் எந்தத் திசையில் என்பதெல்லாம் தெரியாத ஒருவர், இன்னொருவரை நடத்திச் செல்வது எப்படி?

டயான் தன் பாடத்தை மாற்றினார். காட்டிக் கொடுப்பதற்குப் பதில், சொல்லியும் தொட்டும் கொடுத்தார். ஒவ்வோர் அசைவுக்கும் கிறிஸ்ஸுக்குப் புரிகிற ஒரு சொல் வேண்டும். கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை, அந்தக் கையைப் பிடித்து அங்கே வைத்துத்தான் புரியவைக்க முடியும். முதல் வாரம் பீட்டில்ஸ் பாட்டுக்குச் சா-சா-சா. லிவர்பூல்காரரான கிறிஸ், லிவர்பூல் பாட்டுக்கு ஆடி முடித்தபோது அரங்கம் எழுந்து நின்றது.

பின்னொரு வாரம், அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே மேடை விளக்குகள் சில விநாடிகள் அணைந்தன. டிவி திரை முழுக்க இருட்டு. கிறிஸ் எப்போதும் ஆடுவது இப்படித்தான் என்பதை லட்சக்கணக்கான வீடுகள் அந்தச் சில விநாடிகளில் உணர்ந்தன.

இதற்கு முன்னோடி ஒன்று அதே மேடையில் 2021-ல் நடந்தது. ரோஸ் எய்லிங்-எல்லிஸ், ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் நடித்த இளம் நடிகை. பிறவியிலேயே காது கேளாதவர். அவரும் ஜியோவானி பெர்னீச்சேயும் ஆடும்போது நடுவில் இசை சட்டென்று நின்றது. இருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இசை திரும்ப வந்தபோது கால்கள் தாளம் தப்பாமல் அங்கே இருந்தன. காது கேளாதவர்களுக்குச் சமர்ப்பணமாகச் செய்த அந்த நிசப்தத்துக்கு, ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்வு செய்யும் பாஃப்டா விருது கிடைத்தது. அந்த ஆண்டின் கோப்பையும் ரோஸுக்குத்தான். பிரிட்டனில் சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பலர் பல ஆண்டுகளாகப் போராடிய அந்தச் சட்டம் 2022-ல் வந்தது.

அமெரிக்க நிகழ்ச்சியில் இது இன்னும் முன்பே நடந்தது. ஆஸ்கர் வென்ற, காது கேளாத நடிகை மார்லி மேட்லின் 2008-ல் ஆடினார். 2016-ல் நைல் டிமார்கோ, ஒரு துளி இசையும் கேட்காமல் கோப்பையையே வென்றார்.

இங்கே ஒரு கேள்வி எழும். அது அனுதாப ஓட்டா?

2024 டிசம்பர் 14 அன்று நடந்த இறுதிப் போட்டியில் நடுவர்கள் அதிக மதிப்பெண் கொடுத்தது கிறிஸ்ஸுக்கு அல்ல. இறுதிப் போட்டியில் ரசிகர்களின் ஓட்டு மட்டும்தான் முடிவு செய்யும். அவர்கள் கிறிஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே இறுதிச் சுற்றில் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பொருத்திய டாஷா கௌரியும் இருந்தார். சீசன் முழுக்க மதிப்பெண்களை அள்ளியவர். வெறும் அனுதாபம்தான் ஓட்டாகிறது என்றால், இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. ரசிகர்கள் மார்க் போட்டது அன்றைய ஆட்டத்துக்கு மட்டுமல்ல. ஒருவர் எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றார் என்ற தூரத்துக்கும் சேர்த்துத்தான். நிகழ்ச்சியே அந்தத் தூரத்தைக் காட்டத்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பயிற்சி அறைகள் எல்லாமே அன்பால் நிரம்பியவை அல்ல. ரோஸுடன் கோப்பை வென்ற அதே ஜியோவானி மீது, பின்னர் வேறொரு போட்டியாளர் புகார் சொன்னார். ஜியோவானி மறுத்தார். பிபிசி விசாரித்து, புகார்களில் சிலவற்றை ஏற்றது, சிலவற்றை ஏற்கவில்லை. புகார் சொன்னவரிடம் மன்னிப்பும் கேட்டது. 2024 முதல் பயிற்சி அறையில் நிகழ்ச்சிக் குழுவிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. கற்றுக்கொள்ள வருபவர் தன் உடலை நம்பி ஒப்படைக்கிறார். ஒருவரை உயர்த்தும் அந்த அறை, இன்னொருவரைக் காயப்படுத்தவும் முடியும். கற்றுக்கொடுப்பவருக்குத் திறமை மட்டும் போதாது என்பதற்கு இதுவும் சாட்சி.

கோப்பையை வாங்கிய பிறகு கிறிஸ் சொன்னதன் சாரம் இது: வாய்ப்பு, ஆதரவு, மன உறுதி மூன்றும் இருந்தால் எதுவும் நடக்கும். அவர் சொன்ன வரிசையைக் கவனிக்க வேண்டும். மன உறுதி கடைசியில்தான் வருகிறது.

சாதனையாளர் கதைகளைச் சொல்லும்போது பெரும்பாலும் அந்த மூன்றாவதை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறோம். ‘தன்னம்பிக்கை இருந்தால் போதும்’ என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். தன்னம்பிக்கையோடு காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை மேடைக்குக் கூப்பிடும் வாய்ப்பும், கூப்பிட்ட பிறகு அவர்களுக்கேற்ப பாடத்தை மாற்றும் பொறுமையும்தான் அரிது.

ஒரு சின்னக் கணக்கோடு முடிக்கலாம். ஜியோவானி, ரோஸுக்கு முன்னால் மூன்று முறை இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றவர். டயான், கிறிஸ்ஸுக்கு முன்னால் இரண்டு முறை. பார்வையும் கேள்வியும் உள்ள பார்ட்னர்களோடு கிடைக்காத முதல் கோப்பை, தாங்கள் கற்றுக்கொடுக்கும் விதத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த வருடத்தில்தான் இருவருக்கும் கிடைத்தது.