குரல் காக்கும் பெட்டகம்

கிழக்கேகோட்டையைச் சுற்றி வாழும் பழைய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. கிரயப் பத்திரம், சாதகக் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை அதனுள்ளே பாச்சை உருண்டையின் மணத்தோடு உறங்கிக் கொண்டிருக்கும். எங்கள் பாட்டனார் தோவாளைத் தாலுகாவிலிருந்து சாலைக் கடைவீதிக்கு வணிகம் செய்ய வந்தவர். அவர் வந்த காலத்தில் தோவாளையும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எங்கள் குடும்பமோ இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே வேற்று மாநிலத்துக் குடும்பமாயிற்று. அத்தகையோர்க்குப் பழைய தாள் ஒவ்வொன்றும் ஊரோடு கட்டிய கயிற்றின் ஓர் இழையாகும்.

இத்தலைமுறையில் சேமிக்க வேண்டிய பொருளின் இயல்பே மாறிவிட்டது. கடிதம் நின்று போயிற்று. படங்கள் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டன. திருமணங்கள் குறுந்தட்டுகளில் அடங்கின. எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றினும் அரியதாக எஞ்சியிருந்தவை பதினொரு கேசட்டுகள். என் அன்னையார் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது 1980களில் என் தங்கை பதிவு செய்தவை அவை. நாஞ்சில் நாட்டுப் பேச்சு, வழக்குச் சொற்கள், இடையிடையே தாமே சிரிக்கும் சிரிப்பு எல்லாம் அவற்றில் இருந்தன. இவ்வூரின் ஈரக்காற்றில் நான்கு கேசட்டுகள் வெண்பூஞ்சை படிந்து வீணாயின. எஞ்சிய ஏழினையும் கணினியில் ஏற்றி முடித்திருந்த சமயம் கனடாவிலிருந்து தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, ஆச்சி பேசின கேசட்டு இன்னும் இருக்கா? பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது, கேட்டா புரிஞ்சுக்கும். அதுகளுக்கு ஆச்சி குரல் வேணும்” என்றான்.

தமிழ் எழுத்தறியாத அக்குழந்தைகளுக்குத் தமிழ் சென்று சேரும் வழி செவி ஒன்றே. அந்தக் குரல் அழிந்தால் அவ்வழியும் அடைபடும். ஆகவே வீட்டிலேயே ஒரு சேமிப்பு வழங்கி அமைப்பது என்று முடிவு செய்தோம். வழங்கி என்றதும் பெரிய அலுவலகங்களின் குளிரூட்டிய அறை நினைவுக்கு வரலாம். அத்துணை அஞ்ச வேண்டியதில்லை. இரவும் பகலும் விழித்திருந்து, வீட்டார் கேட்கும்போதெல்லாம் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு கணினியே அது.

இணையத்தில் இடம் தரும் நிறுவனங்கள் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். அவை பயனுடையவையே. ஆயினும் அவை வாடகை வீடு போன்றவை. கூகுள் நிறுவனம் படங்களுக்குத் தந்து வந்த வரம்பற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது பலர்க்கும் நினைவிருக்கும். கணக்கு வைத்திருப்பவர் காலமான பின் கடவுச்சொல் அறியாத குடும்பம் வாசலிலேயே நிற்க நேரிடும். நம் கையில் ஒரு படி இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

இன்னின்ன உறுப்புகள் வேண்டும் என்று பட்டியல் எழுதுமுன் நம் கோட்டைப் பகுதியிலேயே உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தை நினைத்தல் தகும். பத்மநாப சுவாமி கோயிலின் மதிலக ஆவணங்கள் சுருணை சுருணையாக அங்கே காக்கப்படுகின்றன. 2022ஆம் ஆண்டு அவ்வளாகத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அவ்வோலைகள் இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றன. பூச்சியும் ஈரமும் ஓலையைத் தின்னும். ஆதலின் எண்ணெய் பூசிப் பேணவும், முதுமை எய்திய ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுக்கவும் வேண்டும் என்பது ஒன்று. ஓலை பிழைத்தும் படிப்பவர் இல்லாது போகலாம் என்பது மற்றொன்று. வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் ஒரு காலத்தில் கணக்கர்களின் அன்றாட எழுத்துகள். இன்று அவற்றைப் படிக்கத் தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும். பொருள் அழியக்கூடாது, திறப்பவனும் அற்றுப் போகக்கூடாது என்னும் இவ்விரு கவலைகளையே அளவுகோலாகக் கொண்டு நான் உறுப்புகளைத் தேர்ந்தேன்.

முதலில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டேன். குறுந்தட்டின் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் பிடிக்கும். ஒரு மணி நேரக் கேசட்டுகள் ஏழும் 5 கிகாபைட்டுக்குள் அடங்கின. ஒன்று 4 மெகாபைட் வீதம் நாற்பதாயிரம் படங்களுக்கு 160 கிகாபைட். திருமண டி.வி.டி.க்கள் இருபதுக்கு நூறு கிகாபைட்டுக்குள். பத்திரங்களையும் கடிதங்களையும் படமெடுத்தால் இருபது. கைப்பேசியில் எடுத்த காணொளிகளைச் சேர்த்தும் ஒரு டெராபைட் நிரம்பவில்லை. கடைக்காரர் நான்கு தட்டுப் பெட்டியும் பெரிய வன்தட்டுகளும் காட்டினார். கணக்கு கையில் இருந்தமையால் 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டே போதும் என்று சொல்ல முடிந்தது. எழுதிய கணக்கைவிட நல்ல துணை கடைவாசலில் வேறில்லை.

இரண்டு தட்டுகள் எதற்கு? ரெய்டு 1 என்னும் முறையில் எழுதுவன எல்லாம் இரண்டிலும் ஒருசேரப் பதியும். ஒன்று பழுதானால் மற்றொன்று வேலையைத் தொடரும். வன்தட்டு பழுதாவது அரிய நிகழ்ச்சியன்று. சேமிப்பிடத்தை வாடகைக்கு விடும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் தட்டுகளின் இறப்புக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு ஒன்றரையைச் சற்றே தாண்டியது. சிறிய எண்தான், ஆனால் நம் வீட்டில் இருப்பது ஒன்றே என்றால், அந்த ஒன்றரையில் நம் தட்டு அகப்படாது என்று யார் உறுதி சொல்ல வல்லார்? ஒரே நாளில், ஒரே தொகுதியில் பிறந்த தட்டுகள் ஒரே குறையோடு பிறந்திருக்கக் கூடும். ஆதலின் இரண்டையும் வெவ்வேறு கடைகளில், ஒரு மாத இடைவெளியில் வாங்கினேன். இந்திய உத்தரவாதம் உண்டா என்பதைத் தட்டின் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலேயே சரிபார்த்துக் கொள்ளலாம்.

தட்டுகளில் இரண்டு சாதிகள் உண்டு என்பதையும் அறிதல் நலம். சி.எம்.ஆர். என்னும் வகையில் தடங்கள் தனித்தனியே இருக்கும். எஸ்.எம்.ஆர். என்னும் வகையில், நம் ஓட்டுக் கூரையில் ஓட்டின்மேல் ஓடு சற்றே ஏறியிருப்பதுபோல, தடத்தின்மேல் தடம் ஏறியிருக்கும். இடையில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்த ஓடுகளையும் அசைக்க வேண்டுமல்லவா? அதுபோலவே ஒரு தடத்தைத் திருத்த அண்டைத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டிவரும். பழுதான தட்டுக்கு மாற்றாக வைத்து முழுதும் நிரப்பும்போது இவ்வகை மிகவும் தளர்ந்து போகும். வீட்டு வழங்கிக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் தட்டுகள் சிலவற்றில் இம்முறை சொல்லாமலே கையாளப்பட்டிருந்தது 2020ஆம் ஆண்டு வெளிப்பட்டுப் பெரும் விவாதமாயிற்று. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்து நில்லாமல், விவரத்தாளில் சி.எம்.ஆர். என்ற சொல்லைக் கண்ட பின்னரே பணம் கொடுத்தேன்.

செயலி, மதர்போர்டு, நினைவகம் ஆகியவற்றில் ஆசையை அடக்குதல் எளிதன்று. விளையாட்டுக் கணினிக்குரிய வலிமை இங்கே வேண்டியதில்லை. கதையை எடுத்துக் கொடுப்பவனுக்கு மல்யுத்தம் தெரிய வேண்டுமா? மின்சாரக் கணக்கே இங்கே நல்ல ஆசான். 30 வாட் வாங்கும் கருவி இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் ஆகும். 60 வாட் வாங்கும் பழைய கணினியாயின் 86 யூனிட். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கொருமுறை கணக்கெடுத்து, கூடக்கூட விகிதம் ஏறும் முறையில் கட்டணம் விதிப்பதால், இவ்வேறுபாடு ஆண்டுக்காண்டு பணப்பையில் தெரியும். எனவே இன்டெல் என்100 என்னும் சிறு செயலி பொருத்திய பலகையைத் தேர்ந்தேன். பிழை திருத்தும் இ.சி.சி. நினைவகம் சிறப்புடையதே, ஆனால் அதற்கேற்ற செயலியும் பலகையும் வேண்டும், விலையும் ஏறும். அப்பணத்தை வேறிரண்டு இடங்களுக்கு ஒதுக்குதல் சாலச் சிறந்தது என்று எனக்குத் தோன்றிற்று.

அவற்றுள் ஒன்று மின்சாரம். ஐப்பசி மாதத்து மாலைப்பொழுதுகளில் இவ்வூரில் இடி எவ்வாறு இறங்கும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியோடு இலவசமாக வரும் மலிவான மின்வழங்கியை நீக்கி, 80 பிளஸ் சான்று பெற்ற தரமான ஒன்றை வாங்கினேன். வீட்டு இன்வர்ட்டர் இருந்தபோதிலும் தனியாக ஒரு யூ.பி.எஸ். வைத்தேன். மின்சாரம் நின்றதும் அது யூ.எஸ்.பி. கம்பி வழியே வழங்கிக்குச் செய்தி சொல்லும். வழங்கியும் எழுதிக் கொண்டிருப்பதை முடித்து ஒழுங்காகக் கண்ணயரும். வீட்டின் நிலத்தொடர்புக் கம்பியையும் மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்தேன். இணையம் கண்ணாடி இழையில் வருமாயின் அவ்வழியே மின்னல் பாயாது என்பது ஓர் ஆறுதல்.

இடி மேலிருந்து வந்தால் நீர் கீழிருந்து வரும். தம்பானூருக்கும் கிழக்கேகோட்டைக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் பெருமழையில் ஏரியாவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! கால்வாய்களின் அடைப்பை நீக்க 2015ஆம் ஆண்டு ஆபரேஷன் அனந்தா என்றொரு பணி மேற்கொள்ளும் அளவுக்கு அத்தொல்லை வளர்ந்திருந்தது. ஆகவே வழங்கியின் இருப்பிடம் மாடியறையில், இடுப்பளவு உயரமுள்ள பலகையின்மேல், காற்றோட்டமுள்ள மூலையில் அமைந்தது.

இத்தனை செய்தும் காவல் முழுமை பெறவில்லை. இரட்டைத் தட்டு ஒரு தட்டின் சாவுக்கு மருந்தாகுமே தவிர, தீக்கும் திருட்டுக்கும் மருந்தாகாது. வீட்டுச் சிறுவன் ஒரு கோப்பைத் தவறாக அழித்தால் இரண்டு தட்டுகளும் அந்த நொடியே அதை மறந்துவிடும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியுள்ள நூல்கள் மீண்டும் கிடைத்தன. படியற்ற சுவடிகள் போனவை போனவையே. ஈழத்து எழுத்துகளைப் படமெடுத்துப் பொதுவில் வைக்கும் நூலகம் திட்டம் 2005ஆம் ஆண்டு தொடங்கி இன்றளவும் செய்துவரும் பணியின் அருமை அதனால் விளங்கும். இதன் மறுபுறத்தையும் நம் வட்டாரமே காட்டியது. திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பணியாற்றிய த. கணபதி சாஸ்திரியார், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் கிடைத்த சுவடியைக் கொண்டு பாசனின் நாடகங்கள் என அறியப்படுபவற்றை 1912 முதல் அச்சேற்றினார். யாரோ ஒருவர் ஒரு மூலையில் படியெடுத்து வைத்ததனால் அந்நாடகங்கள் உலகுக்குக் கிடைத்தன.

செயலியில் மிச்சம் பிடித்த பணத்தின் மறுபகுதி இதற்கே சென்றது. வெளியே கழற்றி எடுத்துச் செல்லத்தக்க வன்தட்டு ஒன்று வாங்கி எல்லாவற்றையும் படியெடுத்து, நாகர்கோவிலில் உள்ள தங்கை வீட்டில் வைத்தோம். ஆறு மாதத்துக்கொருமுறை ஊருக்குப் போகும்போது அதைப் புதுப்பிக்கிறோம். மூன்றாவது படி கனடாவில், கேட்ட பிள்ளைகளிடமே இருக்கிறது.

இனி, திறப்பவனைப் பற்றிய கவலை. எந்தக் கணினியிலும் திறக்கும் பொது வடிவங்களிலேயே கோப்புகளை வைத்தேன். ஒலிக்கு வேவ், படத்துக்கு ஜேபெக், தாளுக்கு பி.டி.எஃப். வழங்கியை இயக்க ஓப்பன்மீடியாவால்ட் என்னும் இலவச மென்பொருள். பலகை கெட்டுப் போனாலும் தட்டைக் கழற்றி லினக்ஸ் உள்ள வேறொரு கணினியில் இணைத்துப் படிக்கலாம் என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம். கடவுச்சொல்லையும், எது எங்கே உள்ளது என்ற குறிப்பையும் ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி உறையிட்டுத் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கதைக்கும் யார் சொன்னது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். “கடவம்” என்று ஆச்சி சொல்வது பனையோலையால் முடைந்த பெரிய கூடை என்பதை எழுதி வைக்காவிட்டால், கனடாவில் கேட்கும் பிள்ளைக்கு அது வெற்றொலியாகிவிடும்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வழங்கி அமைக்கப் பொருள்வசதி இன்று இல்லையெனினும் கவலையில்லை. ஒரு வெளிவன்தட்டும், வேறோர் ஊரில் நம்பத்தக்க உறவினர் வீடும் இருந்தால் தொடங்கி விடலாம். தாள் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கும். கேசட் நாடாவுக்கு அத்துணைப் பொறுமை இல்லை. ஆதலின் அதை முதலில் எடுங்கள். வீட்டில் எண்பது கடந்த பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அருகில் அமர்ந்து, கைப்பேசியின் ஒலிப்பதிவை இயக்கி, அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். எந்த வன்தட்டு வாங்குவது என்பதைத் திங்கட்கிழமை ஆராய்ந்து கொள்ளலாம்.