விழுந்ததைச் சொல்லுங்கள்

தியானப் பகுதி: யாத்திராகமம் 21:28–36



இந்த வாரம் உங்களோடு சைக்கிளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதிகாலையில் அழகர்கோவில் சாலையிலும் நத்தம் சாலையிலும் தலைக்கவசம் அணிந்து விரைந்து செல்லும் வாலிபர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் நம் சபைப் பிள்ளைகளும் உண்டு. சிலர் ஓட்டுவது கார்பன் ஃபைபர் சைக்கிள். புதிதாக வாங்கினால் விலை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும். ஆகவே ஒருவர் ஓட்டியதை இன்னொருவர் வாங்குவதும் உண்டு.

அப்படி ஒன்றை வாங்கவிருந்த வாலிபர் ஒருவர், "ஐயா, ஒரு கீறல்கூட இல்லை. நம்பி வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். "தம்பி, அது எப்போதாவது விழுந்ததா என்று விற்கிறவரிடம் கேட்டீர்களா?" என்றேன். அவர் கேட்டிருக்கவில்லை.

நம் தகப்பன்மார் ஓட்டிய இரும்பு சைக்கிள் பால் கேன்களையும் நெல் மூட்டைகளையும் சுமந்தது. அது விழுந்தால் ஹேண்டில்பார் கோணும், ஃபோர்க் வளையும். காயம் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரர் தட்டி நிமிர்த்துவார். இல்லையேல், இனி ஆகாது என்று சொல்லிவிடுவார்.

கார்பன் ஃபைபர் அப்படிப்பட்டதன்று. மெல்லிய இழைகளை அடுக்கடுக்காக வைத்து, எபாக்ஸி பிசினால் இறுகச் செய்த பொருள் அது. எடைக்கு எடை பார்த்தால் இரும்பைவிடப் பலமானது. நன்றாகச் செய்து சரியாகப் பொருத்தினால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் ஒரு கல்லின்மேல் பலமாக மோதினால், மேலே வண்ணம் பளபளத்திருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். பின்பு ஒருநாள், பள்ளத்தில் இறங்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ, வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று ஒடியலாம். ஹேண்டில்பாரோ ஃபோர்க்கோ ஒடிந்தால் ஓட்டுகிறவர் முகங்குப்புற விழ நேரிடும்.

விழாமலும் பழுது நேரும். போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினாலே கார்பன் நசுங்கும். அதனால்தான் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பல பாகங்களின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பலத்தை நம்பாமல் டார்க் ரெஞ்சினால் அந்த அளவுக்கே முறுக்க வேண்டும்.

அனுபவமுள்ளவர்கள் நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். அதுவும் முதற்சோதனை மட்டுமே, முடிவான சான்று அன்று. அந்தச் சைக்கிள் எங்கே, எப்படி விழுந்தது என்பதை நிச்சயமாய் அறிந்தவர், அதிலிருந்து விழுந்தவர் ஒருவரே.

2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி அட்லாண்டிக் கடலடியில் நொறுங்கி, ஐந்து பேர் மாண்டனர். அதன் நடு உடல் கார்பன் ஃபைபரால் ஆனது. 2022 ஜூலையில் ஒரு பயணத்தின் முடிவில் அதிலிருந்து பெரும் சத்தம் கேட்டது என்பதும், அதன்பின் கருவிகளின் பதிவுகள் மாறியிருந்தன என்பதும் விசாரணையில் வெளிவந்தன. கடலின் அழுத்தம் வேறு, சாலையின் குலுக்கல் வேறு. ஆனால் எச்சரிப்பு கிடைத்த பின்பும் பிறரை அதில் ஏற்றியதே நம்மைக் கலங்கச் செய்கிறது.

இன்றைய தியானப் பகுதி முட்டுகிற மாட்டைப் பற்றியது. அலங்காநல்லூரையும் பாலமேட்டையும் அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மாடு திடீரென முட்டிக் கொன்றால் அதன் சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. அது முன்னமே முட்டும் மாடு என்று அவனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும் கட்டிவைக்காமல் விட்டானேயானால், இரத்தப்பழி அவன்மேல் வரும். மாடு செய்தது ஒன்றே. அவன் அறிந்திருந்தானா என்பதே தீர்ப்பை மாற்றுகிறது.

அந்த வாலிபர் திரும்பிப் போய்க் கேட்டார். விற்கிறவர் சற்றுத் தயங்கி, "ஒருமுறை பலமாக விழுந்திருக்கிறேன்" என்றார். பேரம் முறிந்தது. விற்க நினைத்தவருக்குப் பெரிய நஷ்டம். பெயர் அறியாத அந்த மனிதருக்காக நான் தேவனை ஸ்தோத்தரிக்கிறேன். அவர் மௌனமாக இருந்திருந்தால், அந்த மௌனத்தை நம்பி ஒரு தாயின் மகன் அதிகாலையில் சாலையில் இறங்கியிருப்பான்.

அன்பானவர்களே, சைக்கிளோ, பைக்கோ, ஏணியோ, எரிவாயு அடுப்போ, நீங்கள் கொடுக்கும் பொருளோடு அதைப் பற்றி நீங்கள் அறிந்ததையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்கும்போது கேட்கக் கூச்சப்படாதிருங்கள். பெற்றோரே, பிள்ளை விழுந்ததைச் சொல்ல வரும்போது முதலில் விலையைப் பேசாதிருங்கள். திட்டுக்கு அஞ்சுகிற பிள்ளை அடுத்த முறை மறைத்துவிடும். பலமாய் விழுந்த சைக்கிளை, அறிந்தவர் ஒருவர் பரிசோதிக்கும்வரை ஓட்டாதிருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கண்ணுக்கு மறைந்திருப்பவற்றிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். நாங்கள் அறிந்திருப்பவற்றை நஷ்டம் வந்தாலும் சொல்லும் தைரியத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.